டிரினிடாட்: பொழுதறிந்து போக வேண்டிய தீவு



கரீபியன் தீவுகள் என்றதும் நம் கண்முன் வருவது பயண முகவர்கள் அச்சடித்துத் தரும் வண்ணத் தாள்தான். வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த தென்னை, நிழலில் ஒரு சாய்வு நாற்காலி. அந்தப் படத்துக்கு அப்படியே பொருந்தும் தீவுகள் அங்கே நிறைய உண்டு. பார்படாஸ் உண்டு, ஆன்டிகுவா உண்டு, செயின்ட் லூசியா உண்டு. ஓய்வெடுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக அங்கே போகலாம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அவற்றுக்கெல்லாம் தெற்கே, தென்னமெரிக்காவை ஒட்டிக் கிடக்கும் டிரினிடாட் – டொபேகோ என்ற இரட்டைத் தீவு நாடு.

இந்த நாடு சுற்றுலாவை நம்பி அடுப்பெரிக்கும் நாடு இல்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக அங்கே எண்ணெய் எடுக்கிறார்கள். பிறகு இயற்கை எரிவாயுவும் சேர்ந்துகொண்டது. கஜானாவை நிரப்பி வந்தவை அவைதாம். அதனால் பெரிய தீவான டிரினிடாடில் பயணிக்கென்று தயாரித்து வைத்த காட்சிகள் குறைவு. ஊர் தன் போக்கில் இயங்குகிறது. பறவைகள் தமக்குரிய வேளையில் அடைய வருகின்றன, ஆமைகள் தமக்குரிய மாதத்தில் கரையேறுகின்றன, இசைக்குழுக்கள் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகு ஒத்திகை பார்க்கின்றன. நாம்தான் அந்த நேரத்தைக் கேட்டறிந்து போய் நிற்க வேண்டும். தவறான மாதத்தில், தவறான வேளையில் போய்விட்டு, "அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?" என்று சலித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எதை எப்போது பார்ப்பது என்பதையே முக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

வெனிசுவேலாவின் கரைக்கும் டிரினிடாடுக்கும் நடுவே, மிகக் குறுகிய இடத்தில், 11 கிலோமீட்டர் கடல்தான். ஒரு காலத்தில் அந்தக் கண்டத்தோடு ஒட்டியிருந்த நிலம் இது. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது தனித்துப் போனது. அதன் வடக்கு மலைத்தொடர் ஆண்டிஸ் மலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்ற கரீபியன் தீவுகளில் காணக் கிடைக்காத ஊளைக் குரங்குகள் இங்கே காட்டில் கூச்சலிடுகின்றன. நரிவா சதுப்பில் அனகோண்டா இருக்கிறது. 5,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான தீவு. சிறிய டொபேகோவையும் சேர்த்தால் இந்த நாட்டில் 470-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த எண்ணைக் கேட்டதுமே பெட்டியைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

மாலையில் பார்க்க வேண்டியது கரோனி சதுப்பு. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. நான்கு மணி வாக்கில் தட்டையான அடிப்பாகம் கொண்ட மரப்படகுகள் புறப்படுகின்றன. அலையாத்தி மரங்களின் வேர்கள் இரண்டு பக்கமும் நீருக்குள் கால் ஊன்றி நிற்க, நடுவே குறுகிய வாய்க்கால். படகோட்டி திடீரென்று எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலைக்கு மேலே கையைக் காட்டுவார். கிளையில் ஒரு மலைப்பாம்பினக் குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். அவர் காட்டாவிட்டால் நம் கண்ணில் படவே படாது. அப்புறம் வாய்க்கால் அகன்று ஒரு நீர்ப்பரப்பு விரியும். நடுவே ஒரு சின்னத் திட்டு, அதில் பச்சை மரங்கள். படகுகள் எட்டி நின்றுவிடும். காத்திருக்க வேண்டும்.

முதலில் கொக்குகள் வெள்ளையாக வந்து அமரும். பிறகு கிழக்கிலும் தெற்கிலுமிருந்து தாழப் பறந்து வருகின்றன செந்நிற அரிவாள்மூக்கன்கள். ஐந்தாறு, பிறகு இருபது, பிறகு எண்ண முடியாதபடி. அந்தச் சிவப்பில் கலப்பே கிடையாது; அலகிலிருந்து வால் வரை ஒரே சிவப்பு, சிறகு நுனியில் மட்டும் கறுப்பு. குஞ்சாக இருக்கும்போது சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். சேற்று நண்டையும் இறாலையும் தின்னத் தின்ன, அவற்றிலுள்ள நிறமிகள் இறகில் ஏறுகின்றன. அந்த உணவு கிடைக்காத கூண்டுப் பறவைக்குச் சிவப்பு வெளிறிவிடும். இருட்டுவதற்குள் திட்டின் பச்சை பாதி மறைந்துவிடுகிறது.

டிரினிடாடின் தேசியப் பறவை இது. அப்படியிருந்தும் இறைச்சிக்காகத் திருட்டுத்தனமாக வேட்டையாடி வந்தார்கள். 2018-இல் அதைச் சிறப்புப் பாதுகாப்பு பெறும் இனமாக அறிவித்தார்கள். கொன்றால் அந்நாட்டு நாணயத்தில் 1,00,000 டாலர் அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. படகுக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்; மனம் திறந்து பேசுவார்கள். அவர்களுடைய பிழைப்பும் அந்தப் பறவையின் பிழைப்பும் ஒன்றாகவே முடிச்சிட்டிருக்கின்றன.

இரவுக்குரியது ஆமை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, வடகிழக்குக் கரையில் மட்டூராவிலும் கிராண்ட் ரிவியேரிலும் ஏழுவரி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. உலகத்தின் மிகப் பெரிய கடலாமை இதுதான். ஓடு கிடையாது, முதுகில் தோல் போர்த்தி, ஏழு வரிகள் ஓடும். 300 முதல் 500 கிலோ வரை எடை. உலகில் இவை இவ்வளவு நெருக்கமாக முட்டையிடும் கடற்கரைகள் மிகச் சிலவே. கிராண்ட் ரிவியேர் அவற்றில் ஒன்று. இந்த மாதங்களில் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் இரவில் கரையில் இறங்க முடியாது. வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு விளக்கு மட்டும். ஆமை பின்துடுப்புகளால் மணலை அள்ளி அள்ளி எறிந்து குழி பறிக்கும்போது வழிகாட்டி உங்களைத் தள்ளியே நிறுத்திவிடுவார். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் அருகில் விடுவார். அந்த நிலையில் அது சுற்றியிருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. அந்தத் துடுப்பைப் பாருங்கள். கடலில் ஆயிரக்கணக்கான மைல் நீந்தும் முரட்டு உறுப்பு, கண்ணுக்குத் தெரியாத குழிக்குள் நுழைந்து ஒரு பிடி மணலைச் சிந்தாமல் மேலே கொண்டுவருகிறது.

மட்டூராவில் இதைப் பார்த்துக்கொள்வது 1990-இல் ஊர்க்காரர்களே தொடங்கிய 'நேச்சர் சீக்கர்ஸ்' என்ற அமைப்பு. அதற்கு முன்பு அதே கரையில் ஆமைகளை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் தரும் வழிகாட்டிக் கட்டணம் இப்படிப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

இனி நான் சற்று நிதானமாகப் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீல்பான்.

எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து செய்யப்படும் இசைக்கருவி. அது பிறந்த கதையை அறியாமல் அந்நாட்டை அறிய முடியாது. 1783-க்குப் பிறகு, ஸ்பெயின் நாட்டு அரசின் அழைப்பை ஏற்று, பிரெஞ்சு மொழி பேசும் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு டிரினிடாடுக்கு வந்தார்கள். தவக்காலம் தொடங்குமுன் முகமூடி விருந்து நடத்தும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். 1797-இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். 1838-இல் அடிமை முறை முற்றாக ஒழிந்ததும், கார்னிவல் என்ற அந்தத் திருவிழாவை விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தெருவுக்கு இழுத்து வந்து தமதாக்கிக்கொண்டார்கள். கரும்புத் தோட்டம் தீப்பிடித்தால் அடிமைகளை நள்ளிரவில் விரட்டிக்கொண்டு போவார்களே, அதையே பந்தமும் முரசுமாக நடித்துக்காட்டினார்கள். கான்பூலே என்று அதற்குப் பெயர். 1881-இல் காவல்துறை தடுக்கப் பார்த்தது, தெருச்சண்டை மூண்டது. அதையடுத்த ஆண்டுகளில் அரசு முரசுக்குத் தடை போட்டது.

முரசைப் பிடுங்கியதும் மூங்கிலை எடுத்தார்கள். வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கில் குழாய்களைத் தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் தாளம் எழுப்பினார்கள். 1930-களில் பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, வாகனங்களின் பிரேக் டிரம் என்று கைக்குக் கிடைத்த இரும்பெல்லாம் சேர்ந்தது. தட்டித் தட்டி நசுங்கிய இடங்களில் வேறு வேறு சுரம் கேட்கிறது என்பதைப் பையன்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் எண்ணெய்ப் பீப்பாய்க்கு வந்து சேர்ந்தார்கள். வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன், எல்லி மானெட், ஆன்டனி வில்லியம்ஸ் ஆகியோரின் பெயர்கள் இந்த வரலாற்றில் நிலைத்தவை. இந்தக் கருவியை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தலைநகரைச் சுற்றியிருந்த ஏழைக் குடியிருப்புகளின் பிள்ளைகள். பான் வாசிக்கிறவன் என்றால் ரௌடி என்று அன்றைய நடுத்தர வர்க்கம் முகம் சுளித்தது. குழுக்களுக்குள் கத்திச் சண்டை நடந்ததும் உண்மை. 1951-இல் அவர்களில் தேர்ந்தவர்களைச் சேர்த்து டாஸ்போ என்ற குழுவாக்கி லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு அனுப்பினார்கள். பீப்பாயிலிருந்து அப்படியொரு இசை வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

அது செய்யப்படுவதைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பீப்பாயின் அடித்தட்டைக் கனத்த சுத்தியலால் மணிக்கணக்காக அடித்து அடித்து உள்நோக்கிக் குழியாக்குகிறார்கள். குழியில் சுரங்களின் இடத்தைக் குறித்து, ஆணி முனையால் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். தேவையான உயரத்துக்குப் பீப்பாயை வெட்டி, தீயில் வாட்டுகிறார்கள். கடைசியாகச் சுருதி சேர்ப்பவர் உட்காருகிறார். சின்னச் சுத்தியலால் கீழிருந்து ஒரு தட்டு, மேலிருந்து ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம் கேட்பது, மறுபடி ஒரு தட்டு. பக்கத்துச் சுரத்தைத் திருத்தினால் இது கொஞ்சம் விலகும்; இதைத் திருத்தினால் அது விலகும். அவர் சளைக்க மாட்டார். உச்ச ஸ்தாயி வாசிக்கும் டெனர் பானுக்கு ஒரு பீப்பாய் போதும். மந்திர ஸ்தாயிக்கு ஒரே கலைஞர் ஆறு, ஒன்பது, பன்னிரண்டு பீப்பாய்களுக்கு நடுவில் நின்று சுழன்று வாசிக்க வேண்டும்.

கார்னிவலுக்கு முந்தைய வாரங்களில், அதாவது ஜனவரியிலும் பிப்ரவரியிலும், போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பான் முற்றங்களுக்கு இரவில் போங்கள். டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ், லாவென்டில் மலைப்பகுதி மக்களின் டெஸ்பராடோஸ், உட்புரூக்கில் ஃபேஸ் டூ. தகரக் கூரைக்கடியில் பெரிய குழுவில் நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். பள்ளி மாணவி, வங்கி எழுத்தர், செவிலியர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி. பெரும்பாலும் தாளில் எழுதிய இசைக்குறிப்பு கிடையாது. இசை அமைப்பாளர் ஒரு பகுதியை வாயால் பாடிக்காட்டுகிறார்; ஒரு வரிசை அதை வாங்கிக்கொள்கிறது; பிறகு அடுத்த வரிசைக்குப் போகிறார். எட்டு நிமிடப் பாட்டு இப்படி வாரக்கணக்கில் மனப்பாடமாகிறது. நடுவே 'எஞ்சின் ரூம்' என்று அழைக்கப்படும் தாளப் பகுதியில் அந்தப் பழைய பிரேக் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிக்கும் ஓசை, மொத்தக் குழுவையும் பிடித்து நிறுத்துகிறது. ஒத்திகையைக் கேட்க யாரும் போகலாம். ஒரு நாற்காலியோ மதில்சுவரோ பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். 1963 முதல் நடக்கும் பானரமா போட்டியின் இறுதிச் சுற்று, கார்னிவலுக்கு முந்தைய சனிக்கிழமை இரவு குயின்ஸ் பார்க் சவானா மைதானத்தில் நடக்கிறது. சீட்டு வாங்கி அதையும் பாருங்கள். ஆனால் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நான் முற்றத்தையே சொல்வேன்.

2023-இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்ட் 11-ஐ உலக ஸ்டீல்பான் நாளாக அறிவித்தது. 2024-இல் சட்டப்படி அது தேசிய இசைக்கருவியானது. 2025 தொடக்கத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். அரசுச் சின்னத்தில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல்பானை வைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தடை செய்யப்பட்ட முரசிலிருந்து கிளம்பிய ஓசை நாட்டின் முத்திரையாகிவிட்டது என்று நினைக்கும்போது எனக்கு உள்ளம் நிறைகிறது.

கார்னிவல், சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும். இறகும் மணியும் தைத்த ஆடையில் ஆயிரக்கணக்கானோர் ஆடிச்செல்லும் செவ்வாய்க்கிழமைக் காட்சிதான் உலகத் தொலைக்காட்சிகளில் வருவது. ஆடை விலை அதிகம். பணம் கட்டி யாரும் சேர்ந்து ஆடலாம். எனக்கு அதைவிடத் திங்கள் விடியல் பிடிக்கும். ஜூவே என்கிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு இருட்டிலேயே தொடங்குகிறது. சேறு, சாயம், கொக்கோக் குழம்பு, எண்ணெய் என்று உடம்பெல்லாம் பூசிக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாமல் ஊரே நடக்கிறது. நீதிபதியும் மீன்காரரும் ஒரே சேற்றுக்குள். பழைய துணி போட்டுக்கொண்டு போங்கள்; கைப்பேசியை நீர்புகாத பையில் கட்டிக்கொள்ளுங்கள். திங்கள் மாலையில் பராமின் என்ற மலைக்கிராமத்துக்குப் போனால் நீலப் பேய்கள் வரும். சலவை நீலத்தைக் குழைத்துப் பூசும் பழைய வழக்கத்திலிருந்து வந்த வேடம். டின்னைத் தட்டிக்கொண்டு, பேய்க் கூச்சல் போட்டுக் காசு கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

நாட்டின் மக்கள்தொகை சுமார் 14 லட்சம். 2011 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினர் சுமார் 35 விழுக்காடு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் சுமார் 34, கலப்பு வம்சாவளியினர் 23. இந்தியர்கள் முதன்முதலில் வந்தது 1845 மே 30 அன்று, ஃபட்டேல் ரசாக் என்ற கப்பலில். அந்த நாள் இன்று அங்கே அரசு விடுமுறை. 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,40,000-க்கும் மேல். அடிமைகளின் விடுதலைக்குப் பின் கரும்புத் தோட்டத்துக்கு மலிவாக ஆள் வேண்டியிருந்தது. அதற்கு வெள்ளை முதலாளிகள் கண்ட வழி இது. ஐந்தாண்டு ஒப்பந்தம், அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காலடி வைத்தால் சிறை. பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள். நம் மதராஸ் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள் சிறு பங்கு. 'மதராஸி' என்றே அங்கே அழைக்கப்பட்டார்கள். தமிழ்ப் பேச்சு தலைமுறைகளில் கரைந்து போயிற்று. மூன்சாமி, ராம்சாமி, வீராசாமி என்று குடும்பப் பெயர்களும், அம்மன் வழிபாட்டின் சில கூறுகளும் நிற்கின்றன. மாரியம்மனுக்கும் காளிக்கும் வேப்பிலையோடு பூசை நடக்கும் கோயில்களுக்குப் பின்னாளில் கயானா நாட்டிலிருந்து வந்த பூசாரிகளால் புத்துயிர் கிடைத்தது. இந்தப் பூசைகள் சுற்றுலாக் காட்சி அல்ல. அழைத்துப் போக அவ்வூர்க்காரர் ஒருவர் இருந்தால் போகலாம். படம் எடுக்கக் கேட்க வேண்டாம்.

வாட்டர்லூ கடற்கோயிலைக் காலையில் போய்ப் பாருங்கள். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1947-இல் கடலோரத்தில் ஒரு சிறு கோயில் கட்டினார். நிலம் சர்க்கரைக் கம்பெனிக்குச் சொந்தம். 1952-இல் கோயிலை இடித்தார்கள்; அவரை 14 நாள் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்த சாது, கடலுக்கு யாரும் பட்டா போடவில்லையே என்று கடலுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார். கடல் வற்றும் நேரம் பார்த்து, மிதிவண்டியில் கல்லும் மணலும் சிமென்டும் சுமந்து போனார். எண்ணெய்ப் பீப்பாய்களை இறக்கி அவற்றுக்குள் கான்கிரீட் நிரப்பி அடித்தளம் போட்டார். ஆண்டுக்கணக்கில், பெரும்பாலும் தனியாகவே செய்தார். அதே தீவில், அதே காலத்தில், லாவென்டிலின் இளைஞர்கள் அதே பீப்பாயில் சுரம் தேடிக்கொண்டிருந்தார்கள். அலைகள் அரித்துச் சிதைந்த கோயிலை, இந்தியர் வருகையின் 150-ஆம் ஆண்டான 1995-இல் அரசு எடுத்துக் கட்டியது. இப்போது நடைபாதை இருக்கிறது. பக்கத்திலேயே சுடலை, எரியும் சிதைகளைக் காண நேரலாம், அமைதியாகக் கடந்து செல்லுங்கள்.

தெற்கே சிப்பேரியாவில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம். அங்குள்ள கருநிற மாதாவைக் கிறித்தவர்கள் தெய்வீக மேய்ப்பத்தி என்று வணங்க, இந்துக்கள் சிப்பேரி மாயி என்று வணங்குகிறார்கள். பெரிய வியாழனன்றும் புனித வெள்ளியன்றும் அவர்கள் அரிசியும் எண்ணெயும் பூவும் கொண்டுவந்து, குழந்தைகளுக்கு முதல் முடி இறக்குகிறார்கள். வேளாங்கண்ணிக்குப் போய்வரும் நமக்கு இதில் வியப்பு இராது, நெருக்கம்தான் தோன்றும். முகரம் வந்தால் தலைநகரின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஹோசே என்ற ஊர்வலம். மூங்கிலும் காகிதமும் மினுக்குத் தாளும் கொண்டு கட்டிய தாஜியா என்ற கல்லறை வடிவங்கள் நகர, களிமண் உடலில் ஆட்டுத்தோல் கட்டிய தாசா முரசுகளைத் தெருவோரத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றி அடிக்கிறார்கள். 1884-இல் சான் ஃபெர்னாண்டோவில் இந்த ஊர்வலத்தின் மீது ஆங்கிலேய அரசு துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. கான்பூலேவுக்கு மூன்றாண்டுக்குப் பின். இரண்டு மக்களின் முரசையும் ஒரே அரசு ஒரே அச்சத்தோடு பார்த்திருக்கிறது.

சாப்பாடு. விடியற்காலையில் தெருமுனை வண்டியில் டபுள்ஸ் சாப்பிடாமல் நாளைத் தொடங்காதீர்கள். மஞ்சள் கலந்து பொரித்த மெத்தென்ற இரண்டு பாரா ரொட்டிகள், அவற்றுக்கு நடுவே குழைய வேகவைத்த கொண்டைக்கடலைக் கறி, புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், மிளகாய்ச் சாந்து. பிரின்சஸ் டவுனில் 1936-இல் எமாமூல் தீன் என்பவர் விற்கத் தொடங்கியது. விற்பவர் காரம் எவ்வளவு என்று கேட்பார். நம் ஊர் நாக்கை நம்பி "நிறைய" என்று சொல்லிவிட வேண்டாம். 2012-இல் உலகிலேயே காரமானது என்று அறிவிக்கப்பட்ட மொருகா ஸ்கார்பியன் மிளகாய் இந்தத் தீவின் விளைச்சல்தான். சைவர்களுக்குக் கரீபியனில் இதைவிட எளிதான நாடு கிடையாது. பருப்பு வைத்த தால்பூரி ரொட்டி, பூசணிக்காய்க் கூட்டு, கத்தரிக்காய்ச் சுட்டது, பட்டாணிப் பருப்பு மாவில் செய்த போலூரி எல்லாம் எங்கும் கிடைக்கும். அசைவர்கள் மரக்காஸ் கடற்கரையில் பொரித்த ரொட்டிக்குள் மீன் வைத்துத் தருவதைக் கேட்டு வாங்குங்கள். வழக்கமாக வைப்பது சுறா. சுறாக்கள் அருகி வருவதால் வேறு மீனைக் கேளுங்கள், அதுவும் ருசிதான்.

லா ப்ரேயாவில் உள்ள தார் ஏரியை விட்டுவிட முடியாது. சுமார் 100 ஏக்கர் பரப்பு, 75 மீட்டர் வரை ஆழம். உலகின் மிகப் பெரிய இயற்கைத் தார்ப் படிவு. 1595-இல் வால்டர் ராலி தன் கப்பல்களின் ஓட்டையை இந்தத் தாரால் அடைத்தார். இன்றும் வெட்டி எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். வெட்டிய பள்ளத்தைத் தார் மெல்ல ஊர்ந்து வந்து நிரப்பிவிடுகிறது. முதல் பார்வையில் பெரிய வாகன நிறுத்துமிடத்தைப் போலத் தோன்றி ஏமாற்றும். மேலே நடந்து பார்த்தால்தான் காலடியில் அது நெகிழ்வது தெரியும். வழிகாட்டி இல்லாமல் நடக்காதீர்கள். இளகிய இடங்கள் கண்ணுக்குத் தெரியாது. ரீங்காரச் சிட்டுகளைக் கொன்று தின்று விருந்தாடிய ஒரு குலத்தைத் தெய்வம் ஊரோடு விழுங்கிய இடம் இது என்பது பூர்வகுடிகள் சொன்ன கதை. ஊருக்குள் நடந்து பார்த்தால், அடியில் தார் நகர்வதால் சாய்ந்து நிற்கும் வீடுகளும் அலைபோல் புடைத்த சாலைகளும் தெரியும்.

கிரிக்கெட் ரசிகர்கள் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்துக்குப் போக வேண்டும். 1971-இல் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை முதன்முதலாக வென்றது இங்கேதான். கவாஸ்கரின் முதல் டெஸ்ட் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் நம் வெங்கட்ராகவன் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பிரையன் லாராவும், சென்னை அணிக்கு ஆடிய டுவைன் பிராவோவும் பக்கத்துச் சான்டா குரூஸ் பள்ளத்தாக்கின் பிள்ளைகள்.

டொபேகோ வேறு உலகம். விமானத்தில் அரை மணிக்கும் குறைவு, கப்பலிலும் போகலாம். நான் தொடக்கத்தில் சொன்ன வண்ணத் தாளின் கடற்கரை வேண்டுமென்றால் பிஜன் பாயின்ட் இருக்கிறது. புக்கூ பவளத்திட்டை அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் பார்க்கலாம். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். ஆனால் டொபேகோவின் பெருமை அதன் முதுகெலும்பாக நிற்கும் காடு. 1776-இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்டது. மேற்கு அரைக்கோளத்தில் சட்டத்தால் காக்கப்பட்ட காடுகளில் மிகப் பழமையானது. மரம் போனால் மழை போகும் என்ற ஸ்டீபன் ஹேல்ஸின் ஆய்வை நம்பி, சோம் ஜெனின்ஸ் என்ற பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் பல ஆண்டுகள் வாதாடிப் பெற்ற சட்டம் அது. அவர்கள் காக்க நினைத்தது கரும்புக்கு வேண்டிய மழையைத்தான். கரும்பு போய்விட்டது, காடு இருக்கிறது. 1963-இல் ஃப்ளோரா புயல் அதைச் சூறையாடியபோது, வெண்வால் கொண்ட ஒரு ரீங்காரச் சிட்டு அழிந்தேவிட்டது என்று நினைத்தார்கள். பத்தாண்டுக்குப் பின் திரும்பவும் கண்டார்கள். கில்பின் பாதையில் விடியற்காலையில் நடந்தால் நீங்களும் காணலாம். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாயன்று புக்கூவில் இருந்தால் 1925 முதல் நடக்கும் ஆட்டுப் பந்தயத்தைப் பாருங்கள். ஆட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டக்காரர் வெறுங்காலோடு பின்னால் பாய்வார்.

இனி நடைமுறை. நேரடி விமானம் இல்லை. லண்டன், நியூயார்க், டொராண்டோ போன்ற நகரங்களில் மாற வேண்டும். இடைவழி நாட்டின் விசா விதிகளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, பலர் கோட்டை விடும் விஷயம். டிரினிடாடிலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை இந்திய அரசு கேட்கிறது. இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பே போட வேண்டும். இராணுவ உடை போன்ற புள்ளித் துணிகளை அந்நாட்டில் உடுத்துவது குற்றம். குழந்தைகளின் சட்டையிலும் பார்த்து எடுத்து வையுங்கள். பேச்சு ஆங்கிலம், வண்டி நம்மைப் போலவே இடப்பக்கம். மேக்ஸி டாக்சி என்ற சிறு பேருந்துகளின் பட்டை நிறம் அவை ஓடும் பகுதியைச் சொல்லும்: தலைநகர் வட்டாரத்துக்கு மஞ்சள், கிழக்கே போக சிவப்பு, சாகுவானஸ், சான் ஃபெர்னாண்டோ போக பச்சை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைநகரின் சில பகுதிகளில் கும்பல் வன்முறை கடுமையாகியிருக்கிறது. அண்மைக் காலத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. புறப்படுமுன் நிலவரத்தைப் பாருங்கள். பான் முற்றத்துக்கோ ஜூவேக்கோ தங்கும் விடுதிக்காரர் நம்பும் ஓட்டுநரோடு போங்கள். இரவில் தனியாகத் தெருச் சுற்ற வேண்டாம். தமக்குள்ளே இந்தத் துயரத்தைச் சுமந்துகொண்டுதான் அந்த மக்கள் உங்களை வரவேற்கிறார்கள்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும், எப்போது போவது என்று கேட்பீர்கள். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. கார்னிவல் மார்ச் தொடக்கத்தில் விழும் ஆண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பானரமாவுக்கு ஒரு வாரம் முன்பே போய்ச் சேர்ந்து, பான் முற்றங்களில் இரவைக் கழித்து, ஜூவேயில் நடந்து, கரோனியில் ஒரு மாலை இருந்து, முதல் ஆமைகள் மட்டூராவில் ஏறத் தொடங்கும்வரை தங்குங்கள். விடுதிகளை ஆறு மாதம் முன்பே பதிவு செய்தாக வேண்டும். கார்னிவல் வாரத்தில் தீவில் ஓர் அறைகூட மிஞ்சாது.